ஊசியா? மெஷினை நிறுத்துவதா? கருணைக்கொலை கேட்டால் ஆஸ்பத்திரி என்ன செய்யும்?

படுற பாட்டை பார்க்க முடியலை, ஊசி போட்டு அனுப்பிடுங்க என்று டாக்டரிடம் கெஞ்சும் குடும்பங்கள் ஐ.சி.யூ. வாசலில் புதுசு அல்ல. ஆனால் ஊசி போடும் பேச்சுக்கே இடமில்லை. இந்தியாவில் அது குற்றம்.

பிழைக்க வழியே இல்லாதவருக்கு செயற்கை சுவாசத்தை நிறுத்துவது வேறு கதை. மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரி நர்சு அருணா ஷான்பாக் வழக்கில் 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு கதவை திறந்தது. அருணாவுக்கு மட்டும் அனுமதி இல்லை. 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்த அவரை சக நர்சுகள்தான் குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டாங்க. சாகட்டும் என்று சொல்ல அவர்களுக்கு மனசு வரவில்லை. 2015-ல் அவர் இறந்தார்.

2018 தீர்ப்பில் கலெக்டர், மாஜிஸ்திரேட்டு என ஏகப்பட்ட படிகள். யார் அலைவது? 2023-ல் கோர்ட்டே இறங்கி வந்தது. இப்போது ஆஸ்பத்திரி 3 டாக்டர்கள் குழு போட வேண்டும். அதை சரிபார்க்க இன்னொரு 3 பேர். இரண்டாவது குழுவில் மாவட்ட தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் ஒருவர் கட்டாயம். தலா 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்வது நல்லது. குடும்பத்தின் சம்மதம் வேண்டும். மெஷினை நிறுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்கு தகவல் போகணும்.

இத்தனை காவலும் எதுக்கு? சொத்துக்காக யாரும் அவசரப்படக் கூடாது என்றுதான். ஆனால் பில் கட்ட முடியாமல் கையெழுத்து போட்டு நோயாளியை வீட்டுக்கு தூக்கிப்போகும் ஏழைக்கு எந்தக் குழுவும் கூடுவதில்லை. இது யார் கணக்கிலும் வராத கருணைக்கொலை!

கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இந்தக் குழுக்களை அமைக்க உத்தரவு போட்டது. குழு மறுத்தால் குடும்பத்தினர் ஐகோர்ட்டுக்கு போகலாம்.