கெர்னலுக்குச் சொல்ல வேண்டியது

மேஜைக் கணினியில் ஒரு நெட்வொர்க் கார்டைச் செருகியவுடன், இயங்குதளத்தின் உயிர்நாடியான கெர்னல் அதை யாரும் அறிமுகம் செய்துவைக்காமலே அடையாளம் கண்டுகொள்கிறது. பி.சி.ஐ. என்னும் அந்த இணைப்பு முறையில் வந்து சேரும் ஒவ்வொரு சாதனமும், தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் எண்ணையும் தன் சொந்த எண்ணையும் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட வேண்டும் என்று விதி இருப்பதே அதற்குக் காரணம். ஆனால் பிராசஸரும் ஈதர்நெட் உறுப்புகளும் ஒரே சிப்புக்குள் அடங்கிய ரூட்டர்களின் நிலைமை வேறு. அங்கே எந்த உறுப்பு எந்த முகவரியில் இருக்கிறது, அதன் கம்பிகள் போர்டில் எங்கே போய்ச் சேருகின்றன என்பதையெல்லாம் கெர்னல் தானாக அறிந்துகொள்வதற்குப் பெரும்பாலும் மார்க்கமே கிடையாது. யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். லினக்ஸ் உலகில் அந்த விவரணத்துக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கணினிகளில் பிறந்து, 1994-இல் ஐ.இ.இ.இ. 1275 என்னும் தர நிர்ணயமாக அங்கீகாரம் பெற்ற ஓப்பன் ஃபர்ம்வேரின் வழியில் வந்தது இது. ஆர்ம் சிப்புகளுக்கான லினக்ஸில் வெகுகாலம் இந்தப் பழக்கம் இல்லை. போர்டுக்குப் போர்டு தனித்தனியே சி மொழியில் எழுதிய கோப்புகள் கெர்னலுக்குள் மலைபோல் குவிந்தன. 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைப் பகிரங்கமாகக் கண்டித்த பின்னரே, போர்டின் வர்ணனையைக் கெர்னலிலிருந்து பிரித்துத் தனியே வைக்கும் ஏற்பாடு ஆர்ம் உலகில் வேகமாகப் பரவியது.

ஒரு பத்து கிகாபிட் போர்ட்டின் விவரணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், இது எவ்வளவு பொறுப்பான எழுத்து என்பது புலப்படும். ஃபைபர் மாட்யூலைச் செருகும் எஸ்.எஃப்.பி. கூண்டுக்கென்று அதில் ஒரு பகுதி உண்டு. மாட்யூலின் நினைவகத்தைப் படிக்க எந்த ஐ-ஸ்கொயர்-சி பஸ், மாட்யூல் செருகப்பட்டிருக்கிறது என்று தெரிவிப்பது எந்தக் கம்பி, லேசரை அணைப்பது எது, எதிர்முனையிலிருந்து ஒளி வரவில்லை என்று அறிவிப்பது எது, இந்தக் கூண்டு அதிகபட்சம் எத்தனை மில்லிவாட் மின்சாரம் கொடுக்கும் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒளி இல்லை என்பதை அறிவிக்கும் கம்பியில் மின்னழுத்தம் உயர்ந்தால் அந்த அர்த்தமா, தாழ்ந்தால் அந்த அர்த்தமா என்பதும் அங்கேயே குறிக்கப்படுகிறது. அந்த ஒரு சொல்லைத் தலைகீழாக எழுதிவிட்டால், கண்ணாடி இழையில் ஒளி தாராளமாக வந்துகொண்டிருக்கும்போதே, இணைப்பு அறுந்துவிட்டது என்று கெர்னல் உறுதியாக நம்பும். கெர்னலிடமும் குற்றமில்லை, சிப்பிலும் குறையில்லை. இப்படிப்பட்ட பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பதைக் காட்டிலும் சிரமமான காரியம் இத்துறையில் அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் தலைகீழான கம்பி என்றேனும் ஒரு நாள் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். தவறாக எழுதியும் வேலை நடந்துகொண்டிருப்பதுதான் அதைவிட அபாயமானது. பத்து கிகாபிட் ஈதர்நெட்டில் 10ஜி-பேஸ்-ஆர் என்றும் 10ஜி-பேஸ்-கே.ஆர். என்றும் இரண்டு வகைகள் உண்டு. இரண்டும் 64 பிட்டுகளை 66 பிட்டுகளாக்கி, ஒரே தடத்தில், விநாடிக்கு 1,031 கோடிக்கும் அதிகமான துடிப்புகளாக அனுப்புகின்றன. ஆனால் பின்னது, ஒரு பெட்டிக்குள் பலகைக்குப் பலகை தாமிரத் தடங்களின் வழியே பேசுவதற்கென்று வகுக்கப்பட்டது. இரு முனைகளும் முதலில் ஒன்றோடொன்று கலந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்து, தடத்தின் குணத்துக்கேற்பச் சமிக்ஞையைப் பக்குவப்படுத்திக்கொள்ளும் சம்பிரதாயம் அதில் அடங்கியிருக்கிறது. முன்னதில் அந்தச் சம்பிரதாயம் இல்லை. லினக்ஸில் கே.ஆர். என்ற பெயர் முதலில் இடம் பெற்றுவிட்டபடியால், வெறும் ஆர் வகையிலான போர்டுகளுக்கும் அதையே எழுதினார்கள். சாதனங்களை இயக்கும் கெர்னல் நிரல்களான டிரைவர்களும் அந்தப் பெயருக்கு ஆர் என்றே பொருள் கொண்டு நடந்தன. பிழையும் பிழையும் ஒத்துப்போனதால் இணைப்பு செவ்வனே வேலை செய்தது. 2020-இல் ஆர் என்ற வகைக்குத் தனிப் பெயர் சேர்க்கப்பட்டது. ஆனால் பழைய விவரணங்கள் ஏற்கெனவே வெளியுலகில் பெட்டிகளுக்குள் எழுதப்பட்டுவிட்டன. எனவே, கே.ஆர். என்று கண்டால் அது மெய்யாகவே கே.ஆர்.தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத சங்கடம் இன்றும் கெர்னலின் ஆவணங்களிலேயே ஒரு குறிப்பாக நிற்கிறது.

ஒரு கிகாபிட் வேகத்திலும் இதே கதை உண்டு. அதன் முடிவு இன்னும் கடுமையானது. ஆர்.ஜி.எம்.ஐ.ஐ. என்னும் இணைப்பில், தகவலோடு கூடவே செல்லும் கடிகாரத் துடிப்பு ஏறத்தாழ 2 நானோ விநாடி பிந்தி வர வேண்டும். சர்க்யூட் போர்டில் ஓரடி நீளத் தாமிரக் கோட்டைச் சமிக்ஞை கடந்து செல்ல ஆகும் நேரம் அது. அந்தத் தாமதத்தைப் போர்டின் வளைந்த கோடுகளே தருகின்றனவா, அல்லது கேபிளை ஓட்டும் ஃபை சிப் தர வேண்டுமா என்பதை விவரணம் சொல்ல வேண்டும். பல போர்டுகளுக்கு, தாமதம் போர்டிலேயே இருப்பதாகப் பொருள்படும்படி எழுதியிருந்தார்கள். உண்மையில் அது இல்லை. ஏ.டி. 803எக்ஸ் வகை ஃபை சிப்பின் டிரைவரோ, விவரணத்தைப் பொருட்படுத்தாமல், சிப்பில் இயல்பாகவே இருந்த தாமதத்தை அப்படியே விட்டு வைத்திருந்தது. 2019-இல் அந்த டிரைவரைத் திருத்தி, எழுதியிருப்பதற்குக் கீழ்ப்படியச் செய்தார்கள். உடனே, அதுவரை குறையின்றி ஓடிய போர்டுகள் சில நெட்வொர்க்கை இழந்தன. திருத்தியவர் செய்தது நியாயமே. பொய்யான விவரணம் அத்தனை காலமும் காத்திருந்து, நேர்மையான டிரைவர் வந்த அன்றைக்குத் தன் விலையை வசூலித்தது.

இதனால்தான், வன்பொருளை வர்ணியுங்கள், டிரைவருக்குப் பிடித்ததை எழுதாதீர்கள் என்று கெர்னலைப் பராமரிப்பவர்கள் சலிக்காமல் வற்புறுத்துகிறார்கள். சிலருக்கு அது வறட்டுப் பிடிவாதமாகத் தோன்றக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே விவரணத்தை இன்று லினக்ஸ் படிக்கிறது, கெர்னலை ஏற்றிவிடும் யூ-பூட் படிக்கிறது, ஃப்ரீ-பி.எஸ்.டி. என்னும் வேறோர் இயங்குதளமும் படிக்கிறது; நாளை எழுதப்படப்போகும் கெர்னலும் படிக்கும். எழுதியவரை அவற்றில் எதுவும் அறியாது. விவரணத்தின் வடிவத்தைச் சோதிக்க இப்போது யாம்ல் மொழியில் எழுதிய இலக்கணங்கள் உண்டு. விட்டுப்போன பண்பையும் தவறான சொல்லையும் அவை கண்டிக்கும். கம்பி உண்மையில் எங்கே போகிறதென்று அவற்றுக்கும் தெரியாது.

அதைத் தெரிந்தவர் போர்டின் சர்க்யூட்டை வரைந்தவர் ஒருவரே. ஆகவே, இந்த விவரணத்தை மென்பொருள்காரர் ஒருவர் அருகிலுள்ள வேறு போர்டின் கோப்பிலிருந்து பிரதியெடுத்து, இணைப்பு எழும்வரை மாற்றி மாற்றிப் பார்த்து முடிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, சர்க்யூட்டை வரைந்தவர் ஒவ்வொரு வரியையும் தம் வரைபடத்தோடு ஒப்புநோக்கிச் சம்மதம் தந்த பின்னரே அது பெட்டிக்குள் ஏற வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் ஒரு நியமம் வைத்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தை ரகசியமென்று பூட்டி வைப்பவர்கள், எஸ்.எஃப்.பி. கூண்டுக்கும் ஃபை சிப்புக்கும் போகும் கம்பிகளின் பக்கத்தையாவது விவரணம் எழுதுபவரிடம் கொடுத்துவிடலாம்.