பம்ப் வேணாம், சிரப் கொடுங்கன்னு சொல்றவங்களுக்கு

லேக் மார்க்கெட் பக்கம் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தா பேச்சு பசங்க படிப்புல வந்து நிக்கும். இப்ப இன்னொண்ணும் சேர்ந்திருக்கு: காலேஜ் டீம்ல ஓடற பசங்களுக்கு வர்ற மூச்சிரைப்பு. ஓடி முடிச்ச அஞ்சு பத்து நிமிஷத்துல இருமல், நெஞ்சு இறுக்கம், விசில் சத்தம். ஒரு மணி நேரத்துக்குள்ள பெரும்பாலும் தானா அடங்கிடும். அதனாலயே "ஸ்டாமினா பத்தலை, முட்டை சாப்பிடு"ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க.

நான் காமர்ஸ் படிச்சவன், டாக்டர் இல்லை. ஆனா என் பொண்ணு 400 மீட்டர் ஓடறா, அவளுக்கும் இது இருக்கு. வேகமா ஓடறப்ப வாயால மூச்சு வாங்கறோம். காத்தைச் சூடாக்கி ஈரமாக்கற மூக்கோட வேலை நடக்கறதில்லை. மூச்சுக்குழாய் உள்ளே காய்ஞ்சு, சுத்தியிருக்கற தசை இறுகிடுது. ஜனவரி காலையில ரவீந்திர சரோவர் மேல நிக்கற பனிப்புகையும் சேர்ந்தா கேக்கவே வேணாம். (பெங்காலிகளோட மங்கி கேப்பை ரொம்பவே கிண்டல் பண்றோம். குளிர்ல மூக்கையும் வாயையும் துணியால மூடிக்கிட்டு ஓடினா நல்லதுன்னு டாக்டர்களே சொல்றாங்க!)

என் கோபம் வேற. ஊர்லேர்ந்து ஃபோன் வரும்: "பம்ப் பழகிடும், பொம்பளப் பிள்ளை, நாளைக்கு வரன் பார்க்கணும், பேசாம சிரப் கொடு." கணக்கு பார்ப்போம். சால்ப்யூட்டமால் இன்ஹேலர்ல ஒரு இழுப்பு 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையா 4 மில்லிகிராம். அதாவது நாப்பது இழுப்பு, உடம்பு பூராவும் சுத்தி வருது. கை நடுங்காம என்ன செய்யும்?

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஊக்கமருந்து விதி. சால்ப்யூட்டமாலை இழுத்துக்கலாம், 8 மணி நேரத்துல 600, 24 மணி நேரத்துல 1600 மைக்ரோகிராம் தாண்டக்கூடாது. வாய்வழியா சாப்பிட்டா தடை. நம்ம ஊர் இருமல் சிரப் பலதுல டெர்பியூட்டலின் இருக்கு. முன்அனுமதி இல்லாம அதுவும் தடைதான், எந்த வடிவத்துலயும். கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள்லயும் 'நாடா' சாம்பிள் எடுக்குது. செக்கைத் திருப்பிப் பார்க்கற மாதிரி சிரப் பாட்டிலையும் திருப்பிப் பாருங்க. நாம மறைக்கற பம்ப்தான் சட்டப்படி சரி.

பௌலா ராட்கிளிஃப்புக்கும் இதே பிரச்சினை. 2003 லண்டன் மாரத்தான்ல 2:15:25, அன்னைக்கு உலக சாதனை.

டாக்டர் சொன்னா, ஓடறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி ரெண்டு இழுப்பு, அப்புறம் நிதானமா வார்ம் அப். தினமும் பம்ப் தேவைப்பட்டா ஸ்பைரோமெட்ரி எடுத்து, மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கற வேற இன்ஹேலர் வேணுமான்னு கேளுங்க. மூச்சை உள்ளே இழுக்கறப்ப தொண்டை அடைச்சு சத்தம் வந்தா அது குரல்நாண் கோளாறாவும் இருக்கலாம், அதுக்கு பம்ப் உதவாது. கோச்சுக்கும் விஷயத்தைச் சொல்லி வைங்க. கிட் பேக்ல பம்ப் எந்தப் பையில இருக்குன்னு அவருக்குத் தெரியணும்.