போத்தல் பெற்றோலும் கியர் மாற்றாத பஸ்ஸும்

மாங்குளம் சந்தியை அறியாத வன்னிவாசி எவரும் இரார். கண்டி வீதியால் வடக்கே யாழ்ப்பாணத்துக்கும் தெற்கே வவுனியாவுக்கும் போகும் பஸ் வண்டிகள் அங்கே நின்று மூச்சு வாங்கும். கிழக்கே முல்லைத்தீவு வீதி பிரியும். மேற்கே துணுக்காய், மல்லாவிப் பக்கம் போவோர் மூட்டை முடிச்சுகளுடன் இறங்குவர். 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஏறக்குறையப் பன்னிரண்டு வருடங்கள் இந்த வீதியில் வாகனங்கள் எதைக் குடித்து ஓடின என்று மாணவ நேயர்கள் தம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும். மண்ணெண்ணெய் என்பார்கள்.

பெற்றோலும் டீசலும் பற்றரியும் வன்னிக்குள் வரக்கூடாத பொருள்களாயிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து கிடைத்தது. பழைய ஒஸ்டின் கார்களும் மொறிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் அதனாலேயே ஓடின. எப்படி என்பதுதான் சுவையான விஷயம்.

பெற்றோல் சாதாரண உஷ்ணத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 150 பாகை சென்ரிகிரேட்டுக்கு மேல்தான் நன்றாக ஆவியாகத் தொடங்கும். ஆதலால் குளிர்ந்த யந்திரத்தில் அது பற்றாது. சாரதியிடம் ஒரு சிறு போத்தலில் பெற்றோல் இருக்கும். தங்கத்தைப் போலப் பத்திரப்படுத்திய அந்தப் பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேட்டருக்குள் விட்டு யந்திரத்தை முடுக்குவார். அது சூடேறியதும் மண்ணெண்ணெய் வேலையைப் பொறுப்பேற்கும். வழியிலே யந்திரம் நின்று ஆறிப்போனால் மறுபடியும் போத்தலைத் தேட வேண்டியதுதான்.

இதை வன்னியாரின் தனிக் கண்டுபிடிப்பு என்று சொல்வதற்கில்லை. 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் வெளிவந்த பெர்குசன் உழவு யந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் முடுக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய் போன்ற ஓர் எண்ணெய்க்கு மாற்றும்படியே அமைக்கப்பட்டது. ஆனால் அதற்கென்று பொறியியலாளர் வகுத்த யந்திரம் அது. இங்கே, அதற்கென்று வகுக்கப்படாத யந்திரத்தைக் கராஜ்காரர் பழக்கியெடுத்தார். வித்தியாசம் அங்கேதான்.

அதற்கு யந்திரம் கொடுத்த விலையும் உண்டு. மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காமல் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். 'டக டக' என்று தட்டும் ஓசை கேட்கும். அழுத்தம் குறைந்த பழைய கார்கள் இதைச் சகித்தன, புதியவை சகிக்கவில்லை. பிளக்கில் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழேயுள்ள எஞ்சின் ஒயிலிற் கலக்கும். இதுவே மிகப் பொல்லாதது. ஒயில் குறையாமல் நிற்கிறதே, சற்று ஏறியும் இருக்கிறதே என்று அளவுகோலைப் பார்த்து மகிழ்ந்தால், யந்திரத்துக்குச் சாவு நெருங்குகிறது என்று பொருள். நீர்த்துப்போன ஒயில் பேரிங்கைக் காப்பாற்றாது. அதை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்ற ஒயிலுக்கு எங்கே போவது?

இனி இயற்கை வாயுவைப் பார்ப்போம். டில்லி நகரத்து பஸ்களை வாயுவுக்கு மாற்றும்படி இந்திய உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் கட்டளையிட்டது. 2002ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்நகரத்து பஸ்கள் மாறிவிட்டன. வாயு, மண்ணெண்ணெய்க்கு நேர் எதிரானது. ஆவியாக்கும் தொல்லை இல்லை. தட்டும் ஓசையும் எளிதில் வராது. ஒயிலில் வழிந்து கலப்பதுமில்லை. ஆனால் அதன் கண்டிப்பு வேறு வகை. வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் அது உருளைகளில் அடைபட்டிருக்கும். இந்தியாவில் அவ்வுருளைகளை 3 வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது சட்டம். கசிந்தால், காற்றிலும் இலேசானதாகையால் மேலே எழும். எனவே மூடிய கொட்டகைக்குள் கூரையடியில் தேங்கக்கூடும். சமையல் வாயுவோ கனமானது, நிலத்தோடு பரவும். குடும்பத்தினர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது. இணைப்புகளிற் கசிவைச் சவர்க்கார நீரால் தேட வேண்டும், தீக்குச்சியால் அல்ல. (தீக்குச்சியால் தேடுவோரும் உலகில் இருக்கிறார்கள்.) நம் நாட்டில் மன்னார்க் கடலடியில் 2011இல் வாயு கண்டறியப்பட்டது; இதுவரை மேலே எடுக்கப்படவில்லை.

இத்தகைய நவீன பஸ்களிற் பலவற்றில் கியரும் தானே மாறும். யந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே கிளச்சுக்குப் பதிலாக ஒயில் நிறைந்த ஒரு பாத்திரம். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைச் சுழற்றினால் அதன் காற்றில் மற்றதும் சுழலுமல்லவா? காற்றுக்குப் பதில் ஒயில் என்று எண்ணிக்கொள்க. ஆதலால் அந்த ஒயிலே அதற்கு உயிர். அது கருத்துத் தீய்ந்த மணம் வீசினால், உள்ளேயுள்ள தட்டுகள் எரிகின்றன. ஓட்டிக்கொண்டே போகலாகாது.

வன்னிச் சாரதி ஒருவரை இந்த பஸ்ஸில் ஏற்றினால் முதலில் திகைக்கப்போவது ஓரிடத்தில்தான். பற்றரி இல்லாத அக்காலத்தில் வண்டியைத் தள்ளியே முடுக்கினார்கள். நாலுபேர் தள்ள, இரண்டாவது கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் யந்திரம் உறுமும். இக்காலத்துத் தானியங்கிக் கியரில் அது பலிக்காது. கியர்ப்பெட்டியின் ஒயில் பம்பை யந்திரமே சுழற்றுகிறது. யந்திரம் நின்றால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையேல் சக்கரத்துக்கும் யந்திரத்துக்கும் பிடிப்பு இல்லை. ஊரே திரண்டு தள்ளினாலும் அவ்வளவே. பழைய காலத்துக் கியர்ப்பெட்டிகள் சிலவற்றில் பின்புறத்திலும் ஒரு பம்பு இருந்தது. அவற்றைத் தள்ளி முடுக்கலாம். செலவு மிச்சம் என்று பிறகு அதை விட்டுவிட்டார்கள். எனக்கு அது நல்ல சிக்கனமாகத் தோன்றவில்லை.

அத்தகைய பஸ் நடுவழியில் நின்றுவிட்டால், கயிற்றைக் கட்டி இழுத்துச் செல்வதும் அபாயம். சக்கரம் சுழலும், பம்பு சுழலாது. ஒயில் எட்டாத பற்சக்கரங்கள் உராய்ந்து அழியும். பின்னச்சுக்குப் போகும் தண்டைக் கழற்றிவிட்டே இழுக்க வேண்டும்.