கேட்டது காதா, மனமா?

நீங்கள் பல நாட்களாக வாய்விட்டுப் பாடிவந்த ஒரு பாட்டின் அடி, அச்சில் பார்த்தபோது முற்றிலும் வேறாக இருந்ததுண்டா? உங்களில் பெரும்பாலோர் "ஆம்" என்றே சொல்வீர்கள். அப்போது என்ன செய்தீர்கள்? சிரித்துவிட்டு மறந்திருப்பீர்கள். அந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே ஒரு விஞ்ஞானப் பாடமும், அதைவிடப் பெரிய ஓர் ஒழுக்கப் பாடமும் இருக்கின்றன.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே உள்ளது திருநாவலூர். தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சுந்தரர் பிறந்த ஊர். நம் நாட்டு மற்ற ஊர்களைப் போலவே இங்கும் விழா என்றால் கூம்பு ஒலிபெருக்கி உண்டு. பதிகமும், பழைய நாடகப் பாட்டும், புதிய திரைப்பாட்டும் அதன் வழியேதான் தெருவுக்கு வருகின்றன. மெட்டு தெளிவாகக் கேட்கிறது. சொல் மட்டும் கேட்பதில்லை. ஏன்?

ஒலியில் தொலைவது

பேச்சொலியில் இரண்டு வகைப் பொருள்கள் கலந்துள்ளன. உயிரெழுத்துகள் வலிமையானவை, நீண்டு ஒலிப்பவை. மெய்யெழுத்துகளோ மெலிந்தவை, பல நொடிப் பொழுதில் மறைபவை. படம், தடம், கடம் என்று சொல்லிப் பாருங்கள். இம்மூன்றையும் வேறுபடுத்துவது தொடக்கத்தில் ஒரு நொடியில் சில நூறில் ஒரு பங்கு நேரமே நிகழும் சிறு வெடிப்பும், அதை ஒட்டிய ஒலி மாற்றமுமே. அது சிதைந்தால் மூன்றும் ஒன்றுதான். 'ஸ' என்ற ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது. பழைய தொலைபேசி இணைப்பு கடத்தியது ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். அதனால்தான் தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது எழுத்தெழுத்தாகச் சொல்லும் வழக்கம் வந்தது.

பழைய இசைத்தட்டுகளின் கதையும் இதுவே. 1925ஆம் ஆண்டில் மின்முறைப் பதிவு வருவதற்கு முன்பு, பாடகர் ஒரு பெரிய கூம்பினுள் பாடுவார். அந்த ஒலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். அம்முறையில் ஏறக்குறைய 2500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் பதிவாவது அரிது. பாட்டு நிலைத்தது, மெய்யெழுத்துகளில் பல நிலைக்கவில்லை.

இன்னொரு காரணம் பாடுபவரின் சுருதியிலேயே இருக்கிறது. எஸ்.ஜி.கிட்டப்பா (1906–1933), கே.பி.சுந்தராம்பாள் (1908–1980) போன்ற நாடகமேடைக் கலைஞர்கள் கடைசி வரிசைக்கும் குரல் எட்டும்படி உயர்ந்த சுருதியில் பாடிப் பழகியவர்கள். ஐந்து கட்டைச் சுருதியை எடுத்துக்கொள்வோம். ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ். மேல் ஷட்ஜம் 392. அதற்கும் மேலே உள்ள பஞ்சமம் 588. அந்தப் பஞ்சமத்தில் நின்று பாடும்போது குரலில் இருப்பவை 588, 1176, 1764 என்ற அதிர்வெண்களும் அவற்றின் மேல் மடங்குகளும்தான். ஆனால் 'இ'யும் 'உ'வும் தங்கள் அடையாளத்தின் ஒரு பகுதியை 300 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில்தான் காட்டுகின்றன. அங்கே ஒலியே இல்லை! ஆகவே மேல் ஸ்தாயியில் உயிரெழுத்துகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இது பாடகரின் குறையன்று, அதிர்வெண்களின் கணக்கு.

தெருவில் நிற்பவருக்கு மூன்றாவது தொல்லையும் உண்டு. இரண்டு கூம்புகளில் ஒன்று உங்களுக்கு 68 மீட்டர் அதிகத் தொலைவில் இருக்கிறது என்போம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. இரண்டாவது கூம்பின் ஒலி 0.2 நொடி தாமதித்து வரும். சாதாரணப் பேச்சில் நொடிக்கு ஏறக்குறைய ஐந்து அசைகள். அதாவது ஒவ்வோர் அசையின் மீதும் அதற்கு முந்தைய அசை வந்து ஏறுகிறது. இந்நிலையில் ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். உரக்கக் கேட்பது வேறு, தெளிவாகக் கேட்பது வேறு என்பதை ஒலிபெருக்கி அமைப்போர் அறிய வேண்டும்.

மனம் நிரப்புவது

சொல் இவ்வளவு தொலைந்தும் நாம் ஏதோ ஒரு சொல்லைக் 'கேட்கிறோமே', அது எப்படி? 1970இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் ஓர் எளிய சோதனை செய்தார். பதிவு செய்த வாக்கியத்தில் ஒரு சொல்லின் ஓர் ஒலியை அடியோடு நீக்கி, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களில் ஏறக்குறைய அனைவரும், எந்த ஒலியும் விடுபடவில்லை என்றே கூறினர். இல்லாத ஒலியை மனம் இட்டு நிரப்பிவிட்டது!

இந்தத் திறமை இல்லாவிட்டால் சந்தையிலும் பேருந்திலும் நாம் ஒருவரோடொருவர் பேசவே முடியாது. ஆனால் நிரப்பிய இடம் எது, கேட்ட இடம் எது என்று மனம் நமக்குச் சொல்வதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர், சிறுவயதில் ஒரு ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டில் ஒரு சீமாட்டி வருவதாகவே கேட்டு வளர்ந்ததை 1954இல் எழுதினார். பாட்டில் அப்படி ஒரு சீமாட்டி இல்லை. அந்த இல்லாத சீமாட்டியின் பெயரே இன்று ஆங்கிலத்தில் இவ்வகைப் பிழைக்கு வழங்குகிறது.

பின்னோக்கிச் சுழன்ற இசைத்தட்டு

மேல்நாட்டு ராக் இசையில் இந்தப் புதிர் பெரிய விவகாரமாகவே வளர்ந்தது. பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கிலக் குழு 1973இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டில், இசைக்கு நடுவே மெல்லிய முணுமுணுப்புக் குரல்கள் வரும். அட்டைகளில் கேள்விகளை எழுதி, ஒலிப்பதிவுக் கூடத்தின் வாயிற்காவலர் உட்படப் பலரிடம் காட்டி, அவர்கள் சொன்ன பதில்களைத் துண்டு துண்டாகச் சேர்த்திருந்தார்கள். ரசிகர்கள் ஒலியைக் கூட்டிக் கூட்டி அவற்றைக் கேட்டனர். 1979இல் வந்த 'தி வால்' இசைத்தட்டிலோ அதே குழுவினர் ஒரு செய்தியை வேண்டுமென்றே பின்னோக்கிப் பதித்தனர்.

பிறகு கேட்பானேன்? பல பாடல்களையும் பின்னோக்கிச் சுழற்றி, தீய செய்திகள் ஒளிந்திருப்பதாகப் பலர் சொல்லத் தொடங்கினர். 1982இல் கலிபோர்னியச் சட்டமன்றக் குழு ஒன்றின் முன்னால், லெட் செப்லின் குழுவின் 1971ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று பின்னோக்கிப் போட்டுக் காட்டப்பட்டது. 1985இல் கனடாவைச் சேர்ந்த வோக்கி, ரீட் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டனர். பின்னோக்கி ஓடும் பேச்சின் பொருளைக் கேட்டவர்களால் அறிய முடியவில்லை. ஆனால் "இந்தச் சொற்றொடர் வருகிறதா பாருங்கள்" என்று முன்கூட்டியே சொன்னபோது, பலருக்கும் அது கேட்டது!

இவ்விரண்டையும் சேர்த்து நோக்குங்கள். ஓர் இசைத்தட்டில் செய்தி உண்மையாகவே இருந்தது. மற்றவற்றில் சொல்லிக் கொடுத்ததால் கேட்டது. காதின் சாட்சியை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. முன்கூட்டி எதுவும் சொல்லப்படாதவர் என்ன கேட்கிறார் என்று பார்த்தால்தான் பிரித்தறியலாம்.

பாட்டோடு நிற்காது

"பாட்டு ரசிப்பதற்குத்தானே? சொல் எப்படி இருந்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆலாபனைக்கும் ஜதிக்கும் பொருள் வேண்டியதில்லை. புரியாத சொல்லிலும் இன்பம் உண்டு. ஆனால் "இதுதான் சொல்" என்று பிறரிடம் அடித்துப் பேசத் தொடங்கியவுடன் நீங்கள் ரசிகர் நிலையிலிருந்து சாட்சி நிலைக்கு வந்துவிடுகிறீர்கள். சாட்சிக்குப் பொறுப்பு உண்டு.

எதிர்பார்த்ததையே காணும் இப்பழக்கம் விஞ்ஞானிகளையும் விட்டுவைக்கவில்லை. 1903இல் பிரெஞ்சு இயற்பியலாளர் புளோந்லோ, 'என் கதிர்கள்' என்ற புதிய கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். 1904இல் அவருடைய ஆய்வுக்கூடத்துக்குச் சென்ற அமெரிக்கரான ஆர்.டபிள்யூ.வுட், கதிர்களைப் பிரிப்பதாகக் கருதப்பட்ட முப்பட்டகத்தை இருட்டில் ஓசையின்றி எடுத்துவிட்டார். அதன் பிறகும் அவர்கள் அதே அளவுகளைச் 'கண்டு' சொல்லிக்கொண்டிருந்தனர்! அவர்கள் பொய் சொல்லவில்லை. காண வேண்டியது இன்னது என்று முன்பே அறிந்திருந்தார்கள்.

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் இதன் சிறு வடிவத்தை ஆண்டுதோறும் காண்கிறேன். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 980 செ.மீ./நொடி² வர வேண்டும் என்று மாணவருக்கு முன்பே தெரியும். 940 வந்தால் திரும்ப எண்ணுவார். 980 வந்தால் திரும்ப எண்ணமாட்டார். சிலர் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அலைவு நேரத்தையே எழுதிவிடுவதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், நம் தமிழ்நாட்டில் அதன் மதிப்பு 978ஐ ஒட்டியது! உண்மையாக அளந்து 965 எழுதும் மாணவரையே நான் மதிக்கிறேன்.

மூல ஓலையைக் கேளுங்கள்

திருநாவலூருக்கே திரும்புவோம். சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர் ஓர் அடிமை ஓலையைக் காட்டியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிட்டார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் உள்ளது என்றார் முதியவர். அவையோர் என்ன செய்தனர்? மூல ஓலையை வாங்கிப் படித்தனர். அதிலிருந்த கையெழுத்தைச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அதன் பிறகே தீர்ப்புக் கூறினர். கதையை எவ்வகையில் ஏற்பினும், அந்த அவையின் முறை நமக்குப் பாடம். பாட்டுப் புத்தகமும், கைப்பேசித் திரையில் ஓடும் வரிகளும் படியோலைகளே. அவையும் யாரோ ஒருவர் காதால் கேட்டு எழுதியவையாக இருக்கலாம். பதிவான ஒலியும், எழுதியவரின் கைப்பிரதியும்தான் மூல ஓலைகள்.

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் (1855–1942), சுவடிக்குச் சுவடி சொல் மாறியிருந்தால், அந்தப் பாடவேறுபாடுகளையும் பதிப்பில் குறித்தார். தமக்கு விருப்பமான சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைக்கவில்லை. அந்த நேர்மையை நாம் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்திலும் கடைப்பிடிக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள். யாருக்கும் தெரியாத, சொல் தெளிவில்லாத ஒரு பழைய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மாணவர் போதும். ஐவருக்கு எதுவும் சொல்லாதீர்கள். மற்ற ஐவருக்கு நீங்களே கற்பனை செய்த ஒரு சொற்றொடரைக் கொடுத்து, "இது வருகிறதா கேளுங்கள்" என்று சொல்லுங்கள். ஒருவரோடொருவர் பேசாமல், கேட்டதைத் தனித்தனித் தாளில் எழுதட்டும். சரியாகக் கேட்காத இடத்தில் கோடு போடட்டும். பிறகு பத்துத் தாள்களையும் ஒப்பிடுங்கள். எந்த ஐவர் தாளில் உங்கள் கற்பனைச் சொற்றொடர் நுழைந்திருக்கிறது என்று பாருங்கள். முடிவில், கற்பனையைக் கொடுத்த செய்தியை அனைவருக்கும் சொல்லிவிடுங்கள்.

அந்தக் கோடுகளை எண்ண மறவாதீர்கள். கோடு போட்டவரை "உனக்குக் காது கேட்காதா?" என்று கேலி செய்ய வேண்டாம். பத்துப் பேரில் அவர்தான் மிக நன்றாகக் கேட்டவராக இருக்கக்கூடும். அடுத்த விழாவில் ஒலிபெருக்கி கட்டும்போது, அதே நோட்டை எடுத்துக்கொண்டு தெருவின் நான்கு இடங்களில் நின்று, சொல் எங்கே புரிகிறது, எங்கே புரியவில்லை என்று குறித்து, பொறுப்பாளரிடம் காட்டுங்கள். கூம்புகளைத் தாழ்த்தித் திருப்பி, ஒலியைக் குறைத்தால் என்ன ஆகிறது என்று சோதிக்கச் சொல்லுங்கள். பதிகத்தின் மெட்டோடு அதன் தமிழும் தெருவுக்குக் கேட்கட்டும்.