பிந்தி வந்த கன்றை என்ன செய்வது?

அக்கரப்பத்தனைப் பக்கம் பட்டர் புரூட் கன்று வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு எமது கருத்து இதுதான்: ஜனவரியில் வாங்கலாம், ஜனவரியில் நடவேண்டாம்.

இந்த மாதங்களில் நம் மலைகளில் விழும் வெள்ளைப் பனி தேயிலைக் கொழுந்தையே கருக்கிவிடுகிறது. பேரிக்காய், பிளம்ஸ் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுக் குளிரைக் கடத்திவிடும். பட்டர் புரூட் அப்படியல்ல. அது ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் மரம். பகல் வெயிலில் இலைவழியே தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். புதிதாக நட்ட வேரால் அதை ஈடுசெய்ய முடியாது. போதாததற்கு இரவில் பனி. ஆற்றோரப் பள்ளங்களில் குளிர்காற்று தேங்குவதால் அங்கே நட்ட கன்றுக்கு இன்னும் ஆபத்து.

மழை முடிந்தபின் மலிவாகக் கிடைக்கும் கன்றை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பையின் அடியைப் பாருங்கள். வேர் சுருண்டு சுற்றியிருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி. பூ விட்டிருக்கிறதே என்று மயங்கவும் வேண்டாம். ஒட்டுப்போட்ட இடம் நன்றாகக் கூடியிருக்கும் சிறிய கன்றே போதும். விதைக் கன்றைவிட ஒட்டுக் கன்று சில வருடம் முந்திக் காய்க்கும் என்பதால்தான் இந்தச் செலவு. அதைப் பையோடு சுவரோரம் வைத்து, இரவில் சாக்கினால் மூடி, காலையில் திறந்து, அளவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சித்திரை இடிமழை மண்ணை நனைத்தபின் நடுங்கள். இரண்டடிக் குழி வெட்டி, மண்ணை மேடாக அணைத்து, ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கும்படி வைக்கவேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி மரம் செத்துவிடும். பெருமழைக்கு முன் வேர் பிடிக்க ஓரிரு மாதமாவது கிடைக்கவேண்டும்.

இடம்பெயர்ந்தோருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் 2016இல்தான் கிடைத்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களை வீட்டிலிருந்து எழுப்பியது. தற்காலிக இடத்தில் நட்ட மரத்தைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது. பையில் இருக்கும் கன்றோ நம்மோடு வரும். காத்திருப்பு நீண்டால் பெரிய பைக்கு மாற்றினால் போதும். காணி எது, அது யார் பெயரில், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அந்தச் சரிவைப் பற்றி என்ன சொல்கிறது என்பவை தெரிந்தபின் குழி வெட்டலாம். பட்டர் புரூட்டின் வேர் ஆழமாகப் போவதில்லை. சரியும் மலையை அது தாங்கிப் பிடிக்கும் என்று நம்பி யாரும் அடியில் குடியிருக்கக் கூடாது.

கன்று பகிரும் நிறுவனங்களுக்கும், நமது பங்குகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக் கணக்கை முடிக்கும் அவசரத்தில் டிசம்பரில் ஐந்து கன்று கொடுத்துப் படம் எடுப்பதைவிட, ஏப்ரலில் ஒன்று கொடுங்கள். ஏழு பேர்ச் காணியில் வீடும் கக்கூசும் போக ஒரு மரத்துக்குத்தானே இடம் மிஞ்சும்! செத்த கன்றுகளுக்கு மக்களின் சோம்பலைக் காரணம் காட்டும் அறிக்கைகளில் கன்று கொடுத்த திகதியையும் சேர்த்து எழுதுங்கள்.