உடற்கல்விப் பட்டமும் கடன் பத்திரமும்



சென்ற வாரம் மஃரிப் தொழுகைக்குப் பின் நம் மதரஸாவின் பழைய மாணவர் ஒருவர் தம் தந்தையுடன் வந்திருந்தார். தந்தை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோல் வெட்டும் பிரிவில் உழைப்பவர். மகன் பி.காம். முடித்தவர், கபடியில் கல்லூரி அணியின் தலைவராக இருந்தவர். அடுத்து பி.பி.எட். படிக்க விரும்புகிறார். தந்தையின் கையில் வங்கியின் கல்விக் கடன் விண்ணப்பம் இருந்தது. "ஹஜ்ரத், கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

விளையாட்டைப் படிக்கவா கடன் என்று முகம் சுளிப்போரோடு நமக்கு உடன்பாடில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவியது 1920-இல். உடற்கல்விக்கென்றே மாநிலத்தில் தனிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஆகவே துறையின் கண்ணியத்தில் நமக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் கணக்கில்தான்.

பி.பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பு, இன்று இரண்டாண்டுகள். விடுதி, உணவு, சீருடை, முகாம் எல்லாம் சேர்த்து மூன்று இலட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி பத்து விழுக்காடு. படிக்கும் இரண்டாண்டும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் ஏறக்குறைய 3,75,000 ஆகியிருக்கும். ஏழாண்டுகளில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 6,200 ரூபாய். மொத்தத்தில் ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிடும்.

வருமானம் என்ன? எல்லோரும் மனத்தில் வைத்திருப்பது அரசுப் பள்ளியின் நிரந்தரப் பணி. அதன் அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. ஆனால் 2017-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்த சிறப்பாசிரியர் தேர்வில் உடற்கல்விக்கு இருந்தவை மாநிலம் முழுமைக்கும் 663 இடங்கள். அந்த வாசலை நம்பிக் கடன் வாங்குவது, மழையை நம்பிப் பாலாற்றங்கரையில் படகு கட்டுவது போன்றது.

மறுபுறம் பாருங்கள். 2012-இல் அரசு 16,500-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் எனப் பல பிரிவினர். தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். 2021-இல்தான் அது 10,000 ஆயிற்று, பின்னர் 12,500. அதிலும் மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது அவர்களின் நீண்ட நாள் முறையீடாக இருந்தது. நம் பகுதியின் சிறு தனியார் பள்ளிகளில் சேர்ந்த பழைய மாணவர்கள் சொல்லும் தொகையும் இதை ஒட்டியதே. 12,500-இல் 6,200 போனால் மீதியில் குடும்பம் நடத்த வேண்டும். கடன் வாங்குபவர் உச்சச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது; கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த சம்பளத்தை வைத்தே கணக்கிட வேண்டும்.

இது பணக் கணக்கு மட்டும். வட்டி என்பது நமக்கு வேறொரு கணக்கும் கூட. டாம்கோ வழியாகச் சிறுபான்மையினருக்குக் குறைந்த வட்டியில் கல்விக் கடன் உண்டு. குறைந்த வட்டியும் வட்டியே. நிர்ப்பந்தம் எப்போது சலுகையாகும் என்பதற்கு முஃப்திகள் இருக்கிறார்கள். நாம் அதில் நுழையவில்லை. ஆனால் நிர்ப்பந்தம் என்று ஓர் ஏழைத் தந்தை சொல்லும் நிலையை உருவாக்கியவர்கள் யார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தொடங்கப்பட்டது. மேல்விஷாரத்துக் கல்லூரி வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்குக் கொடுத்த மண் இது. இன்றும் மருத்துவம், பொறியியல் என்றால் உதவ ஆள் கிடைக்கிறது. உடற்கல்வி என்றால் "அது எதற்கு?" என்கிறார்கள். இதில் ஒரு முரண் இருக்கிறது. நம் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு கற்பிப்பவர் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று பள்ளி நிர்வாகங்களிடம் வாதாடுகிறோம். ஆனால் நம் மகளே பி.பி.எட். படிக்கிறேன் என்றால் எத்தனை வீடுகளில் சம்மதிப்போம்? அந்த ஆசிரியை எங்கிருந்து வருவார்?

நாம் கேட்பது தருமம் கூட அல்ல. கர்ளு ஹஸனா, வட்டியில்லா அழகிய கடன். ஒவ்வொரு மஹல்லாவும் ஆண்டுக்கு ஒரு மாணவருக்குக் கொடுத்தால் போதும். மூன்று இலட்சம் கொடுத்தால் மூன்று இலட்சமே திரும்பும். பகுதிநேர வேலையில் இருக்கும்வரை மாதம் 2,000, நிரந்தரப் பணி கிடைத்தால் 5,000 என்று வருமானத்தோடு தவணையை இணைக்கலாம். சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் அல் பகரா 280-ஆம் வசனத்தை மேடைகளில் நிறையவே ஓதிவிட்டோம். அதே அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கட்டளையிடுவதுபோல் சாட்சிகளுடன் எழுதியும் கொள்ளலாம். எழுத்தில்லாத கடன்கள்தான் நம் ஊரில் உறவுகளை முறித்திருக்கின்றன.

அந்தத் தந்தையிடம் விண்ணப்பத்தை ஒரு மாதம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறோம். மஹல்லாவில் மூவரிடம் பேசியாயிற்று. ஒருவர் இரண்டாமாண்டுச் செலவைக் கர்ளாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலாமாண்டுக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.