சுவர்ல மாட்டுற படம் முதலீடு இல்லைங்க!

முதல்ல என் சொந்தக் கதை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், வாடகை வீட்டு ஹாலுக்கு ஒரு படம் வாங்கினேன். 18,000 ரூபாய், ஆறு மாச இஎம்ஐ. "லிமிடெட் எடிஷன் சார், விலை ஏறும்"னு கடையில சொன்னாங்க. மூணு வருஷம் கழிச்சு வீடு மாறும்போது விற்கப் பார்த்தேன். வித்த கடையே திரும்ப வாங்கல. இன்னொருத்தர் ஃப்ரேமுக்கு மட்டும் 1,500 தர்றேன்னார்.

தப்பு என்னோடதுதான். என்ன வாங்குறோம்னே தெரியாம வாங்கினேன். மூணு வகை தெரிஞ்சிருந்தா போதும்.

போஸ்டர்: சாதாரண பேப்பர்ல அச்சடிச்சது. விலை குறைவு. வெயில் பட்டா சீக்கிரம் வெளுத்துடும்.

ஜிக்லே: பேர்தான் பெருசு, உள்ளுக்குள்ள இங்க்ஜெட்தான். ஆனா பிக்மென்ட் இங்க், அமிலம் இல்லாத காட்டன் பேப்பர் அல்லது கேன்வாஸ்ல போட்டா நிறம் ரொம்ப வருஷம் நிக்கும். ஓரத்துல 12/50னு நம்பர் இருந்தாலும் இது நகல்தான். அந்த ஓவியரோட படத்தை மறுபடி வாங்க ஆள் இருந்தாதான் விலை ஏறும், நம்பரால ஏறாது.

ஒரிஜினல் பிரிண்ட்: மரப்பலகை, உலோகத் தகடு, கல் இதுல ஓவியரே படத்தை உருவாக்கி, அதுல இருந்து எடுக்கிற அச்சு. வழக்கமா பென்சில்ல கையெழுத்தும் இருக்கும். இதுல ஒவ்வொரு பிரதியும் ஒரிஜினல்தான்.

என் கருத்து இதுதான். வாடகை வீட்டுல இருக்கிற வரைக்கும் போஸ்டர் போதும். ஏ3 அளவுல ஒரு நல்ல ஃப்ரேம் வாங்கிட்டா, அலுத்தா உள்ள படத்தை மட்டும் மாத்திக்கலாம். பத்து வருஷம் பார்க்கணும்னு தோணுற படம்னா ஜிக்லே வாங்குங்க; ஆனா "டை இங்க்கா, பிக்மென்ட் இங்க்கா?"னு கேட்டுட்டு வாங்குங்க. அதுக்கே பெரிய தொகை கேட்டா, இளம் ஓவியர்கிட்ட சின்ன ஒரிஜினல் பிரிண்ட் என்ன விலைன்னும் விசாரிங்க. சென்னைல இருந்தா, 1966-ல தொடங்கின சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நேர்லயே பாருங்க.

எதுவா இருந்தாலும் இஎம்ஐ மட்டும் வேண்டாம்.

அச்சுப் படம் மட்டம்னு நான் சொல்லவே இல்ல. ராஜா ரவிவர்மா 1894-ல பம்பாயில அச்சகம் தொடங்கின பிறகுதான் அவரோட லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்தாங்க. விலை ஏறும்னா அதை மாட்டினாங்க? தினமும் பார்க்கணும்னு மாட்டினாங்க. நீங்களும் அதுக்காக வாங்குங்க. பணம் வளரணும்னா, அதுக்கு எஸ்ஐபி இருக்கு!

உங்க வீட்டுச் சுவர்ல என்ன படம் இருக்கு? கமென்ட்ல சொல்லுங்க.